குறைந்தது ஒரு துளை

என் வேலை
கரண்டியைக் கரண்டி என்று சொல்லாமலிருப்பது.

லெபோ பந்தாய், மூன்றாம் மாடி.
ஏர்கோன் சொட்டும் வாளிக்குப் பக்கத்து மேசை.
வீரப்பெருமாள் த/பெ சன்னாசி
பழைய நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்தார்
ஒரு சாண் ரப்பர் குழாய்.
அதன் வாயில் ஐஸ் காச்சாங் கரண்டி,
காம்பு வளைந்தது,
குழியில் ஏழு துளை.

"கடத்தண்ணி உள்ள போனாத்தான் என்ஜின் ஆறும்.
தண்ணியோட பிளாஸ்டிக் பையும் வரும்,
சொறிமீன் வரும், வாய அடைக்கும்,
அப்புறம் பொகதான்.
ரெண்டாவது பாலத்துக்கு அடியில
நடுராத்திரி நின்னுருக்கேன்.
மேல லோரி போவுது, கீழ நான் போகல.
வலை வெச்சுப் பாத்தேன், வலையில ஒட்டுது.
இது ஒட்ட விடாது.
என்ஜின் நடுங்குனா இதுவும் நடுங்கும்.
நடுங்குறதுல எது ஒட்டும், சொல்லுங்க?"

எழுதிக்கொண்டேன்:
இயந்திர அதிர்வினால் அசைவதும்
துளைகளை உடையதுமான
ஒரு குழிவுறுப்பு.

கரண்டிதான் வேண்டுமா என்று கேட்டேன்.
அகப்பை ஆகுமா, சிரட்டை, மடித்த தகரம்?
ஏழு துளை எதற்கு, ஆறு போதாதா?
"ஏழாவது போடயில டிரில் ஒடஞ்சிருச்சு."
'குறைந்தது ஒரு துளை' என்று எழுதினேன்.

காப்புரிமைக்கு வேலி போடுவது இப்படித்தான்.
அவர் நிற்கும் இடத்தைச் சுற்றி அல்ல,
நாளை எவனோ வந்து நிற்கக்கூடிய
எல்லா இடத்தையும் சுற்றி.

சாயங்காலத்துக்குள் பதினான்கு கோரிக்கைகள்.
ஒன்றிலும் கரண்டி இல்லை.
படத்துக்கு எண்ணிட்டேன்:
காம்பு 12, துளை 14.
குழாய்க்கு வெளியே மூன்று அலைக்கோடு. கடல். 16.
அதற்கு எண் போடும்போது மட்டும்
கை கொஞ்சம் நின்றது.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
இதை முதன்முதலில் யாருக்குக் காட்டினீர்கள், எப்போது?

அதுவரை நாற்காலி நுனியில் இருந்தவர்
சாய்ந்து உட்கார்ந்தார்.
"யாருக்குக் காட்டல?
ஆ கியோங் போட்ல நானே மாட்டிக் குடுத்தேன்.
பாக் ஹாமிட் ரெண்டு கேட்டாரு.
அவரு மச்சான் வழியா குவாலா மூடா வரைக்கும் போயிருச்சு.
இந்தத் தைப்பூசத்தோட மூணு வருசம்."

பேனாவை மூடினேன்.
சட்டம் ஒரு வருசம் பொறுக்கும்.
ஊர் அறிந்ததைப் புதிது என்று எழுத முடியாது என்றேன்.
"பத்து மாவுங் ஜெட்டிதான் ஊரா?"
சட்டத்துக்கு ஆ கியோங் ஒருவரே போதும்.

"அப்ப இது யாருக்குச் சொந்தம்?"
யாருக்கும் இல்லை.
"என்னைய யாரும் தடுக்க முடியாதில்ல?"
முடியாது. நீங்களும் யாரையும்.

வாளியில் ஏழெட்டுச் சொட்டு விழுந்திருக்கும்.
அவர் கைப்பேசி அலறியது.
செண்டோல் கடையிலிருந்து பாக்கியவதி.
ஸ்பீக்கர் வேண்டாத குரல்:
"பதினோரு கரண்டி குறையுது. எண்ணிட்டேன்.
பதினொன்னும் வராம வீட்டுக்கு வராதீங்க."

இத்தனை வருடத்தில்
இவ்வளவு தெளிவான உரிமைக் கோரிக்கையை
நான் எழுதியதில்லை.

குழாயிலிருந்து கரண்டியை உருவினார்,
சட்டையில் துடைத்தார், பையில் போட்டார்.
ஓட்டைக் கரண்டியில் செண்டோல் நிற்குமா என்றேன்.
"அவளுக்கு எண்ணிக்கைதான் கணக்கு" என்றார்.
"ஒன்னு ஆச்சு. பத்து போட்டக் கழட்டணும்."

கழற்றமாட்டார்.
போகிற வழியில் சௌராஸ்தா பசாரில்
ஒரு டஜன் புதிதாக வாங்கியிருப்பார்.

கோப்பை மூடக் காரணம் எழுதும் கட்டம் உண்டு.
'புதிதல்ல' என்று எழுதினேன்.
வரைவை டிராயரில் போடப் போனவள்
திரும்ப எடுத்தேன்.
இனி எவனுக்கும் வேலி இல்லையே.
குழிவுறுப்பு, அடித்தேன். கரண்டி.
குறைந்தது ஒரு துளை, அடித்தேன்.
ஏழு.
ஏழாவதில் டிரில் உடைந்தது.